காரணம் எழுதும் கட்டம்

சுழல்கதவு ஒரு தரம் திரும்பினால் ஒரு ஆள்.
கைக்குழந்தை கணக்கில் இல்லை.
மாலை ஆறரைக்கு எண்ணை எடுத்து
பிரஜ்வலுக்கு அனுப்ப வேண்டும்,
பக்கத்துக் கட்டத்தில் காரணத்தோடு.

பிடதி தாண்டி, மைசூர் சாலையோரம்,
ஒன்பது வருடமாகக் காரணம் எழுதுகிறேன்.
கூடினால் யாரும் கேட்பதில்லை.
குறைந்தால் போன் அடிக்கிறது.

செவ்வாய் 1,140. மழை.
புதன் 1,090. மழை வரும் என்றார்கள், வரவில்லை.
வராத மழைக்கும் அதே அளவு ஆள் குறைகிறது.
வியாழன் 2,800. தும்கூர்ப் பள்ளிக்கூடப் பேருந்துகள்,
நடைபாதையெங்கும் புளியோதரைப் பருக்கை.
வெள்ளி, கிரிக்கெட்.

ஆடி பிறந்தால் கைகோத்த ஜோடிகளைக் காணோம்.
புதுப்பெண்கள் அம்மா வீட்டில்.
இந்த ஊரில் அதற்கு ஆஷாடம் என்று பெயர்,
என் வரைபடத்தில் ஒரு பள்ளம்.
சம்பள வாரம் மேடு.
இருபத்தைந்து தேதிக்கு மேல்
வாசல்வரை வந்து, விலைப்பலகையை மேலிருந்து கீழ்வரை படித்து,
மனைவியிடம் ஏதோ சொல்லி
பைக்கைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.
சுழல்கதவுக்கு அவர்களைத் தெரியாது.
பார்க்கிங் சிவலிங்கய்யாவுக்குத் தெரியும்.
‘இன்று பதினாறு’ என்பார், நான் கேட்காமலே.

ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனி ஆட்களைக் குறைத்த மாதம்
மூன்று குடும்ப விழாக்கள் ரத்து.
நானூறு பேருக்கு ஊறவைத்த கடலையை
ஒரு வாரம் நாங்களே தின்றோம்.

வேறு ஏதோ மாநிலத்தில்
ஒரு ராட்டினத்தின் பட்டை அறுந்தது.
எங்கள் ராட்டினம் மூன்று வாரம் காலியாய்ச் சுற்றியது.
நான்காவது வாரம் கூட்டம் திரும்பிவிட்டது.
காரணம்: மறதி, என்று எழுதினேன்.
பிரஜ்வல் அதை அழித்து
தள்ளுபடிக் கூப்பன் என்று மாற்றினான்.

பிறகு அந்த மார்ச்.
போர்வெல்கள் காற்றை இழுத்த மார்ச்.
டேங்கர்காரர்கள் போனை எடுக்காத மார்ச்.
அலைக்குளத்தை மூடச் சொல்வார்கள் என்று பயந்துபோய்
குறைந்ததற்கான காரணத்தை
முன்கூட்டியே அடித்து வைத்திருந்தேன்.

திங்கள் 3,900.
செவ்வாய் 4,612.
பரீட்சைகூட முடியவில்லை. சலுகை இல்லை,
புது ராட்டினம் இல்லை, சினிமா நடிகர் யாரும் வரவில்லை.
கூடியதற்குக் காரணம் கேட்டு
முதல் தடவையாக போன் வந்தது.

பைச்சோதனையில் நிற்கும் ஷபீனா
என்னைக் கூப்பிட்டுத் தன் மேசையைக் காட்டினாள்.
ஷாம்பூ பாக்கெட்டுகள், சரம் சரமாக.
சீயக்காய்ப் பொட்டலம்.
பீர்க்கநார்.
பாதி தேய்ந்த சந்தன சோப்பு, தலைமுடி ஒட்டியபடி.
ஒரு பையில் இரண்டு பள்ளிச் சட்டை,
காலர் கறுத்தது.

ராட்டினத்துப் பக்கம் ஒருவரும் இல்லை.
ரெயின் டான்ஸ் மேடையில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.
ஆடாமல் நின்றார்கள்.
ஒருத்தி, எப்படியோ சோப்பைத் தப்பவைத்து,
மகன் காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டிருந்தாள்,
அவன் கண்ணை இறுக்கிக்கொண்டு
பாட்டின் தாளத்துக்குக் காலை மட்டும் தட்டினான்.
ராஜராஜேஸ்வரி நகர், ஐந்தாவது மாடி, ஆறாம் நாள்.
தீபாவளிக்குக் கணவன் கம்பெனி கொடுத்த வருடப் பாஸாம்,
இதுவரை அலமாரியைவிட்டு எடுத்ததில்லையாம்.
‘வேண்டாம்னு சொல்லிடாதீங்க மேடம், தலை மட்டும்.’

நான் ஒன்றும் சொல்லவில்லை.
திரும்பி வந்து கட்டத்தில்
‘கோடை’ என்று அடித்தேன்.
அது பொய்யும் இல்லை.

கெங்கேரியில் என் வீட்டுக் குழாய்க்கு அன்று மூன்றாம் நாள்.
எல்லா விளக்கையும் அணைத்து
அலை இயந்திரம் ஓய்ந்த பிறகு,
டிபன் பைக்குள் மடித்து வைத்த துண்டோடு
ஊழியர் வழியாக உள்ளே போனேன்.
குளோரின் வாடை. இருட்டில் யாரோ தண்ணீர் மொள்ளும் சத்தம்.
ஷபீனா.
பறிமுதல் சோப்புகளில் ஒன்றை
எனக்கு நீட்டினாள்.

ஊழியர் வாசலில் சுழல்கதவு கிடையாது.
கணக்கில் இன்றும் 4,612 என்றுதான் இருக்கிறது.