சல்லடைக் கண்

எர்னாந்தாரியாஸுக்கு வெளியே, சோயா வயல் முடிகிற இடத்தில்
மூன்று கண்டெய்னர்கள்.
உள்ளே ஐந்நூற்று நாற்பது இயந்திரங்கள்,
இரவும் பகலும் ஒரே ஊளை.
கராய் கிரிஸ்புலோ வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்:
"மாடு பாலையே மறந்துவிட்டது, லிப்ராதா!"

உள்ளே கூப்பிட்டேன்.
ஐஸ் போட்ட தெரெரே. கொம்புக் குவளை ஒன்று,
குழல் ஒன்று, கை மாறி மாறி.
திரையைப் பார்த்து, "அது என்ன எண்?" என்றார்.

ஹாஷ்ரேட்.
ஒரு நொடியில் எத்தனை முறை அரைத்துப் பார்க்கிறோம் என்பது.
ஒரு பெட்டிக்கு நூற்றுப் பத்து லட்சம் கோடி.

"எதை அரைக்கிறாய்?"

எண்ணைத்தான்.
ஏதோ ஓர் எண்ணைப் போட்டு அரைத்து
வருகிற மாவைச் சலிக்கிறது.
கண்ணில் இறங்காவிட்டால் கொட்டிவிட்டு அடுத்தது.
நெருங்கிவிட்டோம் என்பதே இதில் கிடையாது.
கோடி முறை தோற்றவனுக்கும்
இப்போதுதான் வந்தவனுக்கும் ஒரே வாய்ப்பு.

"குவினியெலா சீட்டு!"

அதேதான். என்ன,
சீட்டை நாங்கள் பரானா ஆற்றில் அச்சடிக்கிறோம்.

"சரி, இன்றைக்குச் சரியாக விழுந்தது எத்தனை?"
ஒன்றுமில்லை.
"நேற்று?"
உலகம் அரைப்பதில் நாங்கள் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.
எழுபது நாளுக்கு ஒன்று, சராசரிக்கு.
சராசரி யாரிடமும் கடன் வாங்கியதில்லை, கராய்.

சிரித்ததில் தெரெரே அவர் மூக்கில் ஏறியது.
"என் மாடே தேவலை."

ஆறு மணி.
ஊர் விளக்குப் போடுகிற நேரம்,
மின்வாரியம் எங்களைத் துண்டிக்கிற நேரம்.
எண் சரிந்தது:
ஐம்பத்தொன்பது பெட்டா. முப்பத்தொன்று. நான்கு.
பிறகு வெறும் வட்டம்.
கடைசி விசிறி இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு நின்றது.

முதலில் காது வலித்தது.
அப்புறம் தவளைகள்.
இத்தனை நாளும் இங்கேதான் இருந்தனவா?

அவருக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு.
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை
உலகம் அரைத்த வேகத்தைப் பார்த்துச்
சல்லடை தன் கண்ணைச் சுருக்கும், விரிக்கும்.
எங்களுடைய இந்த நாலு மணி நேர மௌனமும்
அந்தக் கணக்கில் ஏறும்.
ஒரு மயிரிழையைப் பத்தாயிரமாய்ப் பிளந்து, அதில் ஒன்று:
அவ்வளவு அகலத்துக்கு
எங்கோ பனி கொட்டும் ஊரில்
இரவு வேலை பார்க்கும் ஒருத்திக்குக் கண் திறக்கும்.
அவள் திரையில் அது தெரியாது.
தவளையும் அவளுக்குக் கேட்காது.

கிரிஸ்புலோ எழுந்து போகவில்லை.
குவளையை நீட்டினார்.
"இன்னும் கொஞ்சம் ஊற்று.
பத்து மணிக்குத்தானே வரும்?"