நீள முள்

பண்ருட்டிப் பலாவை நினைத்துக்கொள்.
முள் உள்ளே, வழவழப்பு வெளியே என்று
தோலைத் திருப்பிப் போட்டால்
அதுதான் ஊரெல்லாம் மட்டையில் ஒட்டும் ரப்பர்.
பந்தைக் கவ்வும், சுழற்றி விடும்.
என் மட்டையில் சிவப்புப் பக்கம் அது.

முள் வெளியே நின்று குட்டையாக இருந்தால்
பந்து தங்காது, பட்டதும் பறக்கும்.
அவசரக்காரர்களுக்கானது.
நடுத்தர முள் என்று ஒன்று உண்டு,
இரண்டு கட்சியிலும் ஓட்டுக் கேட்கும்.
ஆன்டி வேறு ரகம்:
பார்வைக்கு வழவழ, கைக்குச் செத்த தோல்,
எதையும் பிடித்துவைக்காது.

என் கருப்புப் பக்கம் நீள முள்.
அகலம் பத்து என்றால் உயரம் பதினொன்று,
அதற்கு மேல் விதி விடாது.
அடியில் ஸ்பாஞ்ச் கிடையாது, நேரே மரம்.
பந்து மோதினால் முள் சாயும், மடங்கும்.
நிமிரும்போது பந்து
வந்த சுழற்சியோடேயே வீடு திரும்பும்.
நீ மேல்சுழற்சி போட்டு அனுப்பினாய்,
உன்னிடம் வரும்போது அது கீழ்ச்சுழற்சி.
உன் சரக்குதான். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

பெர்னதெத்தோடு பேச்சு நின்று மூன்று வருஷம்.
அதற்கு முன் வங்கி அணியில்
நாங்கள் இரட்டையர் ஜோடி.
அவள் முட்டிவலியைத் தேர்வுக்குழுவிடம் சொன்னது நான்.
அவள் நல்லதுக்கு என்றுதான் சொன்னேன்.
அவள் இடத்தில் ஒற்றையருக்குப் போனதும் நான்.

உப்பளத்தில் அவளோடு ஆட்டம் என்று தெரிந்த அன்று
முதுநகரில் மொட்டைமாடி ஏறினேன்.
சித்திரை வெயில்.
தையல்நாயகி அக்கா காயப்போட்டிருந்த
நெத்திலிக்கும் வாளைக்கும் நடுவே
ரப்பரை விரித்தேன்.
நாலு மத்தியானம் காய்ந்தால்
முள்ளில் மிச்சமிருக்கும் பிடிப்பும் போய்க்
கண்ணாடி ஆகும்,
சுழற்சி சிந்தாமல் திரும்பும்.
இது கூடாது என்று விதியில் இருக்கிறது.
காக்கை மட்டும் பார்த்தது.

ஆட்டத்துக்கு முன் மட்டையைக் கேட்டாள்.
கேட்பது அவள் உரிமை.
பெருவிரலை முள்மேல் ஓட்டினாள்,
நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை.
பிறகு மூக்கருகே கொண்டுபோனாள்.
நெத்திலி.
நடுவர் ஏகாம்பரநாதன்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
ஒரு சொல் போதும்.
மட்டையை மேஜைமேல் வைத்துக்
கைப்பிடியை என் பக்கம் தள்ளினாள்.

அவள் கோபத்துக்குத் தயாராக வந்திருந்தேன்.
மூன்று வருஷக் கோபம் எப்படிச் சுழலும்,
எங்கே குத்தி எந்தப் பக்கம் ஓடும்,
எல்லாம் கணக்குப் போட்டிருந்தேன்.

சர்வீஸ் போட்டாள்.
சுழற்சியே இல்லை.
பையிலிருந்து நழுவிய எலுமிச்சைபோல ஒரு பந்து.
திருப்பித் தர என் முள்ளிடம் ஒன்றுமில்லை.
தள்ளாடி எழும்பி நடு மேஜையில் நின்றது பந்து,
அவள் நிதானமாக அடித்தாள்.
அடுத்ததும் வெறும் பந்து.
அதற்கடுத்ததும்.
மட்டையைத் திருப்பிச் சிவப்பால் எடுத்துப் பார்த்தேன்;
கடல்காற்றின் ஈரம், வழுக்கியது.
பதினொன்று நாலு. பதினொன்று மூன்று.
பதினொன்று ஆறு. அந்த ஆறில் இரண்டு
வலை உரசி விழுந்தவை.

கைகுலுக்கினோம். அவள் உள்ளங்கை உலர்ந்திருந்தது.
நடக்கையில் இடதுகால் இன்னும் லேசாக இழுக்கிறது.
முட்டி எப்படி என்று கேட்க
வாய்வரை வந்தது.

ரெட்டிச்சாவடி தாண்டியதும்
கண்டக்டர் என் மடியைப் பார்த்து
மூக்கைச் சுளித்தார்.
"பையில கருவாடா?"
ஆமாம் என்றேன்.
லக்கேஜுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.