காரணக் குறியீடு

ஒன்பதேகாலுக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நானும் லிங்கம்மாவும் பின்கட்டில் உட்காருவோம்.
அவள் தேதி படிப்பாள், நான் ஸ்கேன் செய்வேன்.
ரொட்டி பதினொன்று. தயிர் ஏழு.
ஒன்று வாங்கினால் ஒன்று இலவசத்தில்
யாருக்கும் வேண்டாமல் போன இலவசங்கள்
பத்தொன்பது.

பாலை வடிகாலில் கொட்ட வேண்டும்.
பிஸ்கட்டை உறை கிழித்து, நொறுக்கி,
மேலே பினாயில் தெளிக்க வேண்டும்.
பின்வாசலில் சும்மா கிடைத்தால்
முன்வாசலில் எவன் வாங்குவான் என்று
கோவை ஆபீஸ் கேட்டது.
கணக்கு சரிதான்.
என் சம்பளமும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

கேரட் கணக்கு இன்னும் நுட்பம்.
கோத்தகிரியில் எங்கள் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால்
எதிர்ச்சரிவில் அது விளைந்த பாத்தி தெரியும்.
ஆனாலும் மேட்டுப்பாளையம் இறங்கி,
கோவைக் கிடங்கில் ஒரு ராத்திரி படுத்து,
தட்டும் தாளும் கறுப்புக் கோடுகளும் சுமந்து
மூன்றாம் நாள்தான் மலையேறி வரும்.
நேரே வாங்கினால் செலவு கூடுமாம்.
எப்படி என்று மேனேஜர் போஜன் ஒருமுறை விளக்கினார்.
முடிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.
அது அவர் சித்தப்பாவின் பாத்தி.

போன செவ்வாய், மழையில், கரடி வந்தது.
பின்கதவுத் தகரத்தைப் பாய் போலச் சுருட்டிவிட்டு
உள்ளே நுழைந்ததைக் கேமராவில் பார்த்தோம்.
நல்லெண்ணெய் நாலு லிட்டர். வெல்லம்.
அன்றோடு முடியும் கேக்கையும்
அடுத்த மாதம் முடியும் கேக்கையும்
ஒரே மரியாதையோடு தின்றது.
பினாயில் வாளியை முகர்ந்து தும்மியது.
விலைச்சீட்டை மட்டும் துப்பியது.
பை கேட்கவில்லை.

காலையில் சிஸ்டம் காரணம் கேட்டது:
காலாவதி, உடைசல், ஊழியர் தவறு, திருட்டு.
ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.
திருட்டு என்றால் போலீஸ் புகார் எண் கேட்கும்.
ஊழியர் தவறு என்றால்
கதவைப் பூட்டிய லிங்கம்மாவின் சம்பளத்தில் பிடிக்கும்.
போஜன் கோவைக்குப் போன் போட்டார்.
கரடியெல்லாம் லிஸ்ட்ல இல்ல சார்,
இருக்கறதுல ஏதாவது ஒண்ணு போடுங்க,
அங்கே யாரோ டீ உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

'மீதி வைக்கலியே அக்கா,' என்றாள் லிங்கம்மா
காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டி.

காலாவதி என்று போட்டேன்.
நல்லெண்ணெய்க்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

அன்றிரவு ரொட்டி ஒன்பது, பன் ஆறு.
பினாயில் தீர்ந்துவிட்டது என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.
அலமாரியில்
அரை பாட்டில் இருந்தது.