பூட்டுக் கண்ணி

வீரமலை ஊருக்குப் போகிறபோது
ஒரே சைக்கிளை இரண்டு பேருக்கு விற்றான்.
என்னிடம் முப்பது வெள்ளி, மொனிருலிடம் முப்பது வெள்ளி.
ஏமாற்றவில்லை, சொல்லித்தான் விற்றான்:
அவனுக்குப் பகல், உனக்கு இரவு,
ஞாயிற்றுக்கிழமையை நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

பேசிக்கொள்ளவில்லை.
அவனுக்கு வங்காளம், எனக்குத் தமிழ்,
நடுவில் 'ஓகே பாய்' என்று ஒரு பலகைப் பாலம்.
கீரைத் தோட்டத்திலிருந்து அவன் வரும்போது
நான் குளித்துக்கொண்டிருப்பேன்.
மரப்பட்டறையிலிருந்து நான் வரும்போது
அவன் பல் விளக்கிக்கொண்டிருப்பான்.
பூட்டின் எண் மட்டும் இருவருக்கும் மனப்பாடம்.

ஞாயிறு இரவுகளில்
சுங்கை காடுட் விடுதியின் பின்பக்கம்
துணி காயும் கம்பிகளுக்குக் கீழே
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவேன்.
பூட்டுக் கண்ணியின் கிளிப்பைக் குறடால் ஒரு தள்ளு;
செத்த விலாங்கு மாதிரி
சங்கிலி கையில் விழும்.
மைலோ டின்னில் பட்டறை டீசல்.
முடி உதிர்ந்த பல்துலக்கி ஒன்று.

முதலில் கழன்று வருவது என் மரத்தூள்,
எண்ணெயில் ஊறிக் கேசரி நிறத்தில்.
அதற்கடியில் அவனுடைய செம்மண்,
லிம் சூ காங் மழையில் குழைந்தது.
ஒருமுறை கங்கோங் தண்டின் நார்.
எந்தக் கிழமை மழையில் மாட்டினான்,
எந்தக் கிழமை குறுக்குவழியில் போனான்,
எல்லாம் டின்னில் படிந்துவிடும்.
என் சொந்தத் தம்பியின் வாரத்தை
எனக்கு இவ்வளவு தெரியாது.

நடுவில் ஒரு கூத்து.
கிறீச்சிட்டதென்று அவனே எண்ணெய் விட்டிருந்தான்.
சமையல் எண்ணெய். தாராளமாக.
பட்டறைத் தூள் அத்தனையும் வந்து அப்பி
பல்சக்கரம் மசால்வடை ஆகிவிட்டது.
ஆளில்லாத சைக்கிளை அரைமணி நேரம் திட்டினேன்.
பிறகு அட்டையில் படம் வரைந்து ஹேண்டில்பாரில் கட்டினேன்:
ஓர் உருளை, ஒரு சொட்டு.
பக்கத்தில் ஒரு துணி, ஓர் அம்புக்குறி.
மறுநாள் அட்டையின் பின்பக்கம்
கை கூப்பிய ஒரு கத்தரிக்காய்.
அது அவன் முகமாகவும் இருக்கலாம்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிறு
டின்னின் அடியில் வேறொன்று தங்கியது.
தூள் இல்லை, செம்மண் இல்லை.
வெளுப்பாக, விரலிடுக்கில் நறநறவென்று.
கடல் மணல்.
செம்பவாங் வரைக்கும் மிதித்திருக்கிறான்,
எதிர்க்கரை ஜொகூர் விளக்குகளைத் தவிர
பார்க்க ஏதுமில்லாத இடத்துக்கு.
முன்பும் போயிருப்பான்.
சங்கிலி நீண்டுவிட்டதென்று அளவுகோல் சொன்னபோது
என் பட்டறை மேட்டைத்தான் குறை சொன்னேன்.

ஏன் என்று கேட்க எனக்கு வங்காளம் இல்லை.
இருந்தாலும் கேட்டிருப்பேனா?
துடைத்து, காயவைத்து, மாட்டினேன்.
கிளிப்பின் மூடிய முனை ஓடும் திசைக்கு.
பெடலைப் பின்னால் சுற்றச் சுற்ற
உருளைக்கு ஒரு சொட்டு, நூற்றுப் பன்னிரண்டு.
பத்து நிமிடம் பொறுத்து
வெளியே மினுங்கியதை எல்லாம் துடைத்தெடுத்தேன்.
உள்ளே இறங்கியது போதும்.

அடுத்த ஞாயிறு, அவன் முறை என்று தெரிந்தும்
விடியுமுன் பூட்டைத் திறந்தேன்.

கரையில் ஒன்றும் நடக்கவில்லை.
ஒரு மலாய்க் குடும்பம் மீன் சுட்டது.
தூண்டில் போட்டவர் தூங்கிவிட்டார்.
கணுக்கால்வரை நின்றேன்.
ஏன் வருகிறான் என்று புரிந்த மாதிரி இருந்தது,
ஒரு கப்பல் கடந்ததும் அதுவும் போய்விட்டது.

இரவு, வழக்கம்போல டின், டீசல், பல்துலக்கி.
நூற்றுப் பதினொரு கண்ணிகளைக் கழுவினேன்.
பூட்டுக் கண்ணியை மட்டும்
மணலோடு விட்டுவிட்டேன்.

தேயும்தான். ஒரு வாரம் தேயட்டும்.
திங்கள் காலை, கிராஞ்சி சாலையில்
இரண்டரை மிதிக்கு ஒரு தடவை
அவன் காலுக்குக் கேட்கும்.