பதில் கடமை

பயிற்சிப் பாடசாலையில் ஒரு பலகை இருந்தது.
அதில் பத்து ஓட்டைகள்,
ஒரு சென்ரிமீற்றர் தொடங்கிப் பத்து வரைக்கும்.
கண்ணைக் கட்டிவிட்டு விரலை வைக்கச் சொல்வார்கள்.
நாலு என்றேன். ஐந்து.
ஏழு என்றேன். ஏழுதான்.
ஒன்றரை வருடத்தில் நான் உருப்படியாகப் படித்தது
இருட்டில் அளக்க.

மற்றதெல்லாம் நெடுங்கேணிக்கு வந்து பழகியது:
கிறவல் றோட்டில் ஸ்கூட்டியைச் சாய்க்காமல் ஓட்ட,
தொங்கு தராசைப் பாலைக் கொப்பில் கட்ட,
குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கட்டத்தில்
காணாமல் போனவரையும் சேர்ப்பதா என்று கேட்கிற வீட்டில்
பேனாவை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடிக்க.

என் பிரிவு ஒன்று.
பக்கத்துப் பிரிவுக்கு ஆளில்லை, பதில் கடமை.
அதற்கும் அப்பால் உள்ளதற்கு வந்தவள்
கலியாணம் முடித்து மாற்றலில் போனாள்,
அதுவும் என் தலையில்.
மூன்று பதிவேடு, ஒரு பை,
மழைக்காலத்தில் காயாத சீருடை.

மார்கழி. குளம் வான் பாய்ந்த இரவு.
கேமலதாவுக்கு இரண்டாவது பிள்ளை,
இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.
அம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம்,
பாலம் தண்ணீருக்குக் கீழே.
புருசன் ஓட்டோவை எடுத்தான்.
நான் பின்சீற்றில் அவளோடு.

மூன்றாம் மதகடியில் யானை.
ஒன்றல்ல, நாலு.
அவன் லைற்றை நூர்த்தான், எஞ்சினையும்.
றெக்சின் கூரையில் மழை.

கையுறையைப் போட்டேன். விரலை வைத்தேன்.
பலகை.
ஒன்பது.
கொஞ்சம் பொறுத்து,
பத்து.

கத்தாதே என்று நான் சொல்லவில்லை.
அவளாகவே என் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டாள்.
யானைகள் பாட்டுக்குப் புல்லைப் பிடுங்கின.
பிள்ளை அழுதபோது மட்டும்
ஒன்று காதை விரித்து நின்றது,
பிறகு மற்றதுகளின் பின்னால் போனது.

பெண். இரண்டு கிலோ எண்ணூறு.
தராசைக் கூரைக் கம்பியில் கொழுவி நிறுத்தேன்.
தகப்பன் போன் வெளிச்சம் பிடித்தான்,
முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு.

பணிமனையில் விளக்கக் கடிதம் கேட்டார்கள்:
வைத்தியசாலைக்கு வெளியே பிரசவம் நிகழ்ந்ததன் காரணம்.
யானை என்று எழுதி, வெட்டி,
திரும்பவும் யானை என்றே எழுதினேன்.
இடம்: மூன்றாம் மதகு.
பெற்றோல் காசு வராது என்றார் லிகிதர்,
பதில் கடமைப் பிரிவுக்குத் தூரம் சேராதாம்.

ஓட்டோக்காரன் இப்போது
இரவில் எனக்குத் தகவல் அனுப்புகிறான்.
மிஸ், மதகடியில நிக்குது, சுத்தி வாங்கோ.
போன கிழமை இப்படி வந்தது:
மிஸ், நாலில்லை. அஞ்சு.
ஒண்டு குட்டி. இன்னும் எழும்பேல்ல, நடுங்குது.

ஸ்கூட்டியை நிறுத்தி,
மூன்று பதிவேட்டையும் மடியில் வைத்துக்கொண்டு,
மதகுக்கு எந்தப் பக்கம், என் பிரிவிலா
என்று கேட்டு அனுப்பினேன்.