பதினேழாம் காற்றாடி

ஆடி பதினொன்று. பணகுடிக்குத் தெற்கே
காற்று கதவைத் தட்டுவதில்லை, தள்ளும்.
கன்ட்ரோல் ரூமில் நானும் ஒரு கறுப்புத் திரையும்.
பதினேழாம் காற்றாடி நின்று நாற்பது நிமிஷம்.

அதை எழுப்பும் நிரல் அந்தோணி மிக்கேலின் கணக்கில் கிடக்கிறது.
மிக்கேல் பல்லடத்தில் கிடக்கிறான்,
வேறு கம்பெனி, வேறு காற்று.
போன் போட்டேன்.
"பாஸ்வேர்டா? சத்தியமா மறந்துட்டம்ட்டி" என்றான்.
பின்னால் டிவியில் யாரோ சிரித்தார்கள்.

மேனேஜர் அண்ணாச்சி வள்ளியூரில் பாதித் தூக்கத்தில்
ரூட் பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சொன்னார்.
"பி-யா, டி-யா அண்ணாச்சி?"
"பாளையங்கோட்டைக்கு வார பி."
"பெருசா சிறுசா?"
"எம்மா, பாளையங்கோட்டை என்னைக்கும்மா சிறுசா இருந்துச்சு?"

அடிக்க அடிக்கத் திரையில் ஒன்றும் விழவில்லை.
புள்ளி இல்லை, நட்சத்திரம் இல்லை.
கல்லைப் போட்டும் சத்தம் வராத கிணறு.
முதல் தடவை தப்பு. இரண்டாவதும்.
மூன்றாவதில் டாலர் குறி போய்
வேலிப்படல் மாதிரி ஒன்று வந்து நின்றது: #

இனி எதையும் செய்யலாம்.
யாரையும் பூட்டலாம், பேரோடு அழிக்கலாம்.
ஆனால் மிக்கேலின் பாஸ்வேர்டு என்னவென்று
ரூட்டுக்கும் தெரியாது.
அரைத்த மாவிலிருந்து அரிசியைப் பொறுக்கித் தர
எந்த அதிகாரத்துக்கும் விரல் கிடையாது.
பழசைக் கேட்காமல் புதுசு வைக்கலாம், அவ்வளவுதான்.
"மாத்தி வச்சிரு, பய அங்கெருந்தே புகுந்திரப் போறான்"
என்றார் அண்ணாச்சி.
வைத்தேன். இரண்டு முறை கேட்டது.
இரண்டு முறையும் ஒன்றையே சொன்னேன்.

பிறகு எஸ்-யூ, மிக்கேல்.
உள்ளே விட்டது. நிரலைக் கூப்பிட்டேன்.
அப்படி ஒன்று இல்லை என்றது.
சட்டை அவனுடையது,
பையில் குலுங்கிய சாவியெல்லாம் ரூட்டுடையது.
நடுவில் ஒரு சின்னக் கோடு விட்டுப் போயிருந்தது.
வெளியே வந்து
கோட்டைப் போட்டு மறுபடி நுழைந்தேன்.
இப்போது அவன் வீடு, அவன் வழி, அவன் விளக்கு.
பதினேழு முனகியது, புரண்டது, சுற்றத் தொடங்கியது.

அத்தோடு வந்திருக்கலாம்.
மேல் அம்புக்குறியை ஏன் அமுக்கினேன் தெரியவில்லை.
அவன் அடித்த கட்டளைகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன,
கடைசி நாளிலிருந்து பின்னோக்கி.
ஓரிடத்தில் கட்டளையே இல்லாத ஒரு சொல்.
அவசரத்தில், பாஸ்வேர்டு கேட்கும் முன்னாலேயே
பாஸ்வேர்டை அடித்திருக்கிறான்.
மறைக்க யாரும் இல்லாத வெளிச்சத்தில்
அது எழுத்தெழுத்தாக அப்படியே கிடந்தது.

ஒரு பெயர், ஒரு வருஷம், ஒரு ஆச்சரியக்குறி.

என் பெயர் இல்லை.
யார் பெயரென்று சொல்லமாட்டேன்.

அந்த ஒரு வரியை மட்டும் நீக்கினேன்.
எக்ஸிட்: மிக்கேலிலிருந்து ரூட்.
எக்ஸிட்: ரூட்டிலிருந்து நான்.
டாலர் குறி கண்சிமிட்டிக்கொண்டிருந்தது,
ஒன்றும் பார்க்காதது போல.

பதிவேட்டில் எழுதினேன்:
பதினேழு, இரண்டு ஐம்பதுக்கு ஓடியது.
நின்ற காரணம் என்ற கட்டத்தில்
'பாஸ்வேர்டு' என்று எழுதி, அடித்து,
'காற்று' என்று எழுதினேன்.