நாக்கை மடிக்காமல் பாண்

விடியப்புறம் மூன்று மணிக்கு ஸ்டீவ்ஸ்டனில்
ஆற்றுப் பக்கமிருந்து மீன் வாடை வரும்.
பேக்கரியின் பின்கதவில்
சப்பாத்தைக் கழற்றச் சொல்லுவாள் இவாகிரி.
உள்ளே போட வேறு செருப்பு, எல்லாருக்கும் ஒரே அளவு.
என் குதிக்கால் எப்போதும் வெளியே.

முதல் கிழமை
மாவைக் காட்டி 'பன்' என்றாள்.
நாங்கள் பாண் என்போம் என்றேன்.
கொஞ்சம் குறுக்கி, நாக்கை மடிக்காமல்
சொல்லிப் பாருங்கள், அது யப்பான் சொல்.
ஒருத்தியின் களவை மற்றவள் பிடித்ததுபோல்
இரண்டு பேரும் நின்றோம்.

பிறகு அது விளையாட்டாயிற்று.
என் கோட்டின் பொத்தானைத் தொட்டு 'பொத்தன்' என்றாள்.
கோப்பையைத் தூக்கி 'கொப்பு'.
எங்கள் கொப்பு மரத்தில் இருக்கும் என்றேன்,
விளங்காமலே சிரித்தாள்.
மழைக்கோட்டுக்கு அவளிடம் சொல் இருந்தது, என்னிடம் இல்லை.
அலுமாரி என்னிடம் இருந்தது, அவளிடம் இல்லை.
போர்த்துக்கீசன் இறக்கிய சாமான்
துறைக்குத் துறை வித்தியாசம்.

மாவை மூடி வைக்க முன்
பெருவிரலால் நடுவில் ஒரு கோடு கீறுவாள்,
குறுக்கே இன்னொன்று.
ஏன்?
காற்றுப் போக, என்றாள்.
பொங்காத மாவில் என்ன காற்று.
கல்லாவுக்கு மேலே புத்தர்
கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

எங்கள் பேசாலையில் இதற்குக் குருசு என்று பெயர்.
சொன்னேன்.
அவள் விரல் மாவிலேயே நின்றது.
'குருசு.'
ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.
அப்பா சொன்ன சொல்லாம்,
கோத்தோ தீவில், படகில் மட்டும்,
கரை கண்ணுக்கு மறைந்த பிறகு.

அன்றைக்குக் கதைத்துக்கொண்டே இருந்தாள்.
பூட்டன் காலத்துக் கதையை
நேற்றைய சந்தைக் கதைபோல:
வருசப் பிறப்புக்கு நிலத்தில் ஒரு படம் வைப்பார்களாம்,
ஊர் முழுக்க வரிசையில் வந்து மிதிக்க வேண்டுமாம்.
அதிகாரி காலைப் பார்க்கமாட்டானாம்.
முகத்தைப் பார்ப்பானாம்.
இரவு வீட்டில் கால் கழுவி
அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களும் உண்டாம்.

நீ என்றால் மிதிப்பாயா, என்று கேட்டாள்,
என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்து,
பகிடியாகத்தான்.

மதவாச்சியில் ஒரு பின்னேரம்
பஸ்ஸால் இறக்கி ஒரு படத்தை நீட்டினார்கள்.
பாஸ்போட் அளவு, ஒரு மூலை மடிந்தது.
லெம்பேட் அதில் சிரிக்கவில்லை.
மேலுதட்டில் தழும்பு,
எட்டு வயதில் நான் எறிந்த சிரட்டை.
தெரியாது என்றேன்.
அவன் என் முகத்தைப் பார்த்தான்.
சிங்களத்தில் இன்னொரு முறை, தெரியாது.
மூன்றாம் தரம் கேட்கவில்லை.
சேவல் ஒன்றும் கூவவில்லை,
பஸ்காரன்தான் ஹோன் அடித்தான், நேரமாகிறதென்று.

அடுப்புச் சூடாகிவிட்டது, என்றேன் இவாகிரிக்கு.
அவள் துணியை விலக்கினாள்.
மா நன்றாகப் பொங்கியிருந்தது,
குறி இருந்த இடம் தெரியவில்லை.

ஏழு மணிக்கு வந்த முதல் ஆள்
நாயோடு வெளியே நின்று
வெட்டாத பாண் ஒன்று கேட்டான்.
கையில் சூடு பொறுக்காமல்
மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினேன்.
குதிக்காலில் காய்ந்த மா.
குழாயைத் திறந்துவிட்டு
தண்ணீர் சூடாகும்வரை
நின்றுகொண்டிருந்தேன்.